திட்டு வாங்காத பிஸ்கட்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பக்கத்து வீட்டிலிருந்து திருடியது.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பக்கத்து வீட்டு அம்மா தன் மகளைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டதாம். “கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? நின்னுக்கிட்டே தூங்குற ஒரே பொண்ணு நீதான்டி!” அந்த மகள் வேலைக்குப் போகிறவள். அவளுக்கே ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறது. நான் கையில் ஈரத்துண்டோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முழுவதையும் கேட்டேன். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் நனைந்ததுகூடத் தெரியவில்லை. யாரோ தூரத்தில் பாடுவதைக் கேட்பதுபோல் இருந்தது.

அப்புறம் வயிறு எரிந்தது. திட்டு வாங்குகிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஜென்மம் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைத்தேன். இன்னொருத்தி இருந்தால் துணையாக இருக்குமே என்று ஒருத்தியை உண்டாக்கினேன். அவளுக்கு ஒரு அம்மா, ஒரு அண்ணன், கைமாறி வந்த ஒரு சின்ன ஓவன் கொடுத்தேன். பெயர் கொடுக்கவில்லை. அவள் நான் இல்லை. இதை இன்னொரு தடவை சொல்லமாட்டேன்.

2.

மூன்று தடவை ஆரம்பித்தேன்.

“வெண்ணெய் இளகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பெண் தன் வாழ்க்கை முழுவதையும்—”

(நிறுத்திவிட்டேன். வெண்ணெய் இளகும்போது யாரும் வாழ்க்கையை யோசிப்பதில்லை. வெண்ணெய் இளகிவிட்டதா என்றுதான் யோசிப்பார்கள்.)

“அவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும்—”

(அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை மேடையில் வைத்துப் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களும் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ‘முதல் தலைமுறை’ என்று அவர்கள் சொல்லும்போது, புதிதாகக் கடைக்கு வந்த மிக்சியைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கும். பட்டம் வாங்கிய பிறகு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறார்களா?)

மூன்றாவது நிலைத்துவிட்டது:

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீடு தூங்குகிறது. மின்விசிறி யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெல்லச் சுற்றுகிறது. சமையலறை ஜன்னல் வழியே வந்த வெயில், மேடையில் சிந்திய மைதா மேல் படுத்திருக்கிறது. அவள் வெண்ணெயை விரலால் அழுத்திப் பார்க்கிறாள். குழி விழுகிறது, விழுந்த குழி அப்படியே நிற்கிறது. இதுதான் பதம். சர்க்கரையைக் கொட்டுகிறாள். கரண்டிக்கடியில் சர்க்கரை நறநறவென்று பேசுகிறது. கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்து மூச்சாகி, மஞ்சள் வெளுத்து, கிண்ணத்துக்குள் ஒரு மேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முட்டை. வெனிலா எசென்ஸ். சலித்த மைதா. அவளுக்குத் தான் சமையலறையில் நிற்பதே மறந்துபோகிறது. தண்ணீருக்கடியில் மெதுவாக நடப்பதுபோல் இருக்கிறது.

இத்தனை பண்டம் இருக்க இது ஏன் என்று கேட்பீர்கள். சுகர் குக்கி என்கிற இந்தச் சர்க்கரை பிஸ்கட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. முந்திரி இல்லை, சாக்லேட் இல்லை, கிரீம் இல்லை. வெண்ணெய், சர்க்கரை, மாவு. தப்புப் பண்ணினால் தப்பு தட்டில் அப்படியே தெரியும். யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம்.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

3.

முதல் தடவை நட்சத்திர அச்சில் வெட்டி வைத்தாள். ஓவன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரங்கள் கைகால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன.

அண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். தூங்கி எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தான்.

“என்னது இது?”

“சுகர் குக்கி. நட்சத்திரம்.”

“குக்கியா? நாய்க்குட்டிக்குப் பேரு வெச்ச மாதிரி இருக்கு. குக்கி, வா வா. குக்கி, உக்காரு.” ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “நட்சத்திரம்னா சொன்ன? லாரி ஏறுன தவளை மாதிரில்ல இருக்கு.”

“டேய்!” அம்மா எழுந்து வந்துவிட்டாள். “ஓசில திங்கிற வாய்க்கு நக்கல் வேற. கையப் பாரு கைய. கரி போகக் கழுவ மாட்ட? அந்தக் கையத் தட்டுல வெக்கிற, எருமை! மூஞ்சி கழுவுனியா? பாயச் சுருட்டுனியா?”

அம்மா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல், ஆஸ்பத்திரி விரிப்புகளையெல்லாம் மலைமலையாகத் துவைத்துத் தேய்க்கும் இடம். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி வளர்ந்த குரல். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் சைரன்.

அந்தக் குரலில் அண்ணனை ஒரு தெரு நீளத்துக்குத் திட்டிவிட்டு, அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மகள் பக்கம் திரும்பினாள். சைரன் அணைந்துவிட்டது.

“நல்லாருக்கு கண்ணு.”*

* இந்த வரியைக் கவனமாகப் படியுங்கள். கதையில் வில்லன் இதுதான்.

4.

இந்த இடத்தில் எனக்கு அம்மா மேல் சந்தேகம் வந்துவிட்டது. மகள் செய்ததைப் பாராட்டுகிற அம்மா. அதில் என்ன கோளாறு? நீங்களும் கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

அம்மா முன்பு இப்படி இல்லை. குழாயைச் சரியாக மூடாவிட்டால் “மகாராணி கை வலிக்குதோ?” சீப்பில் முடி இருந்தால் “இத யாரு எடுப்பா, உன் மாமியாரா வந்து எடுப்பா?” பஸ் பாஸைத் தொலைத்த அன்று தொடங்கிய திட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, விளக்கணைத்த பிறகும் இருட்டில் தொடர்ந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். அப்படித் தூங்கியதுபோல் பின்னால் ஒருநாளும் தூங்கவில்லை.

அப்புறம் பட்டம் வந்தது. கறுப்பு அங்கி போட்ட படம் சுவரில் ஏறியது. அம்மா இறங்கிவிட்டாள்.

யாரும் சொல்லி நடக்கவில்லை. நசுங்காத தட்டு அவளுக்கு என்று ஆனது. மின்விசிறி அவள் பக்கம் திரும்பியது. குழாய் சொட்டினால் அம்மாவே போய் மூடிவிட்டு வந்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள், அவள் போனைப் பார்த்தபடி படுத்திருந்தபோது, அம்மா கதவோரம் வந்து நின்று கேட்டாள்:

“லைட்ட அணைச்சுடட்டுமா கண்ணு?”

சொந்த வீட்டில், சொந்த மகளிடம், அனுமதி.

அவளுக்கு எழுந்து அந்தப் படத்தைப் பிடுங்கித் தூர வீச வேண்டும்போல் இருந்தது. செய்யவில்லை. “ம்” என்றாள். விளக்கு அணைந்தது. யாரும் திட்டவில்லை.

(அலுவலகத்தில் திட்டுவார்களே என்று சொல்லாதீர்கள். அங்கே யாரும் திட்டுவதில்லை. ஃபீட்பேக் தருகிறார்கள். ஏசி அறையில் உட்காரவைத்து, முதலில் இரண்டு நல்ல வார்த்தை, நடுவில் ஊசி, கடைசியில் ஒரு நல்ல வார்த்தை. குத்தினது எங்கே என்று தேடுவதற்குள் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். திட்டுகிறவர்களுக்கு நாம் வேண்டும். ஃபீட்பேக் தருகிறவர்களுக்கு நம் வேலை வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.)

5.

ஆக, அவள் சுடச் சுட நன்றாகச் சுடத் தொடங்கினாள்.

மாவைத் தட்டையாக்கிச் சுற்றி ஃப்ரிட்ஜில் தூங்கவைக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மேலே மைதா தூவ வேண்டியதில்லை, கடினமாகாது. வெட்டிய பிறகு நட்சத்திரங்களை மறுபடியும் குளிரில் வைக்கவேண்டும். விறைத்துப்போய் உள்ளே போனால்தான் முனை முனையாகவே நிற்கும். ஓவனின் பின்பக்க மூலைக்குச் சூடு அதிகம், பாதியில் தட்டைத் திருப்பவேண்டும். ஓரம் மட்டும் பொன்னிறம் காட்டும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். நடுவில் வெந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். அந்தச் சந்தேகத்தோடேயே எடுத்துவிட வேண்டும், மீதியைத் தட்டின் சூடு பார்த்துக்கொள்ளும்.

(கதையையும் அப்படித்தான் எடுக்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் வருவதில்லை. கருகும்வரை வைத்திருப்பேன்.)

நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாயின. அண்ணன்கூட நக்கலை விட்டான். “எட்டு எடுத்துக்கிறேன், பட்டறையில கேக்குறானுங்க” என்றான். அம்மாவின் தீர்ப்பில் மட்டும் ஓர் எழுத்து மாறவில்லை. தவளைக்கும் நல்லாருக்கு, நட்சத்திரத்துக்கும் நல்லாருக்கு. எதைத் தூக்கி வைத்தாலும் முள் அசையாத தராசு.

அசையுமா அசையாதா என்று பார்த்துவிடுவது என முடிவுசெய்தாள்.

6.

அடுத்த ஞாயிறு சர்க்கரை போடவில்லை. சர்க்கரை போட வேண்டிய அளவுக்கு உப்புப் போட்டாள்.

(சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதவே எனக்கு நாக்குக் கூசுகிறது.)

பார்க்க அழகாக வந்திருந்தன. வெளுப்பாக, முனை மழுங்காமல். அம்மா ஒன்றை எடுத்தாள். கடித்தாள். கண் ஒரு கணம் நின்றது. தாடை நின்றது. அவளும் தன் மூச்சை நிறுத்தினாள். இதோ வருகிறது, உதடு பிரிகிறது, “என்னடி இழவு இது” என்று ஒரு வார்த்தை, அந்தப் பழைய வாய்—

அம்மா மென்றாள். மெல்ல, கடைசிவரை மென்று விழுங்கினாள். சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

“நல்லாருக்கு கண்ணு.”

கேட்காமலே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் மீதியை வைத்த டப்பாவே காணோம்.

7.

அந்த வாரம் முழுவதும் அவளுக்குக் கனவில் வெள்ளை நட்சத்திரங்கள் வந்தன. விரிப்புகளில் சுற்றி அடுக்கிய நட்சத்திரங்கள். அம்மா அவற்றை ஒவ்வொன்றாக உதறி, மடித்து, தின்றுகொண்டே இருந்தாள்.

ஞாயிறு வந்தது. அவள் இதுவரை சுட்டதிலேயே நல்ல மாவு அன்றைக்குத்தான் அமைந்தது. அதைத் தொட்ட விரலே சொன்னது. தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அண்ணன் உள்ளே வந்தான். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“போன வாரம் என்னத்தடி கலந்த?”

“ஏன்?”

“நேத்து அம்மா வேலை பாக்குற எடத்துல வாசல் கேட்டு உடைஞ்சிருச்சுன்னு வெல்டிங் வெக்கப் போனேன். அங்க ஒரு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. அம்மா டப்பாவோட போயி எல்லாருக்கும் குடுத்துச்சாம். அந்தக்கா வாயில வெச்சதும் துப்பப் போயிருக்கு. அம்மா போட்ட சத்தத்துல மெஷினே நின்னு போச்சாம். ‘என்னடி மூஞ்சி? எம் பொண்ணு செஞ்சது. படிச்ச பொண்ணு. முழுங்குடி!’ அம்புட்டுப் பேரும் வரிசையா நின்னு முழுங்குனாங்களாம். மத்தியானம் பூரா தண்ணி டிரம் பக்கமே நின்னாங்களாம்.”

அவன் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு வரவேண்டிய திட்டு முகவரி மாறிப் போய் யார் யார் மேலோ விழுந்திருக்கிறது.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அது உப்புன்னு உனக்குத் தெரியலயா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அம்மா தண்ணீரை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

“அது அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

“உப்புக் கரிக்கிற பிஸ்கட்டா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கடை பிஸ்கட்டு தின்னவ. நீ போனப் பாத்து, எடை போட்டு, ஃப்ரிட்ஜுல வெச்சு, என்னென்னமோ பண்ற. படிச்சவங்க இப்படித்தான் திம்பாங்களோ என்னவோ. நான் பாட்டுக்கு உப்புன்னு சொல்லி, நீ சிரிச்சுட்டீன்னா?”

“நான் எதுக்கும்மா சிரிக்கப் போறேன்?”

“சிரிக்க மாட்ட.” அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். “ஆனா உன் விஷயத்துல எதச் சொன்னா தப்பு, எதச் சொன்னா சரின்னு எனக்கு இப்பல்லாம் புடிபடல கண்ணு. நல்லாருக்குன்னு சொன்னா தப்பே வராது.”

8.

“அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்து—”

(இல்லை. எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. இடித்துக்கொண்டு போவோம், அதோடு சரி.)

“நீ சொன்னாத்தான்மா சரி, என்று அவள் கண்ணீர் மல்க—”

(தூ.)

அவள் செய்தது இதுதான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபமாக வந்தது. அம்மா மேல் இல்லை. சுவரில் கறுப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தவள் மேல். அவளை இந்த வீட்டுக்குள் விட்டது யார்? அவள் வந்ததிலிருந்து அம்மா அடுத்த வீட்டுக்கு வந்தவள்போல் ஓரமாக நடக்கிறாள். அம்மாவும் எதிரே உட்கார்ந்தாள். வெயில் மேடையிலிருந்து இறங்கி இருவருக்கும் நடுவே வந்து படுத்தது. குளியலறையில் அண்ணன் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். நேரம் இளகி, குழி விழுந்து, அப்படியே நின்றது.

முதலில் நிமிர்ந்தது அம்மாவின் மூக்கு.

அப்புறம்தான் அவளுக்கும் வந்தது, கருகல் வாசனை. அம்மா பாய்ந்து எழுந்து ஓவன் கதவைத் திறந்தாள். குப்பென்று புகை. பிடிதுணியைச் சுற்றித் தட்டை வெளியே இழுத்தாள். நட்சத்திரங்கள். ஒரு முனைகூட மழுங்கவில்லை. எல்லாம் கரி.

அம்மா தட்டைப் பிடித்தபடி திரும்பினாள். வாய் திறந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பழைய குரல் ஏறி வந்தது.

“அடியே—”

9.

இங்கே நிற்கிறேன். நாள் கணக்காக இங்கேதான் நிற்கிறேன்.

ஒரு முடிவு: அம்மா அந்த ‘அடியே’வை விழுங்கிவிட்டு, ஒரு கரித்துண்டைக் கடித்து “நல்லாருக்கு கண்ணு” என்கிறாள். நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முடிவு இது. ஆனால் அவளை நான் உண்டாக்கியது துணைக்கு. அவளையும் என்னைப்போலவே விட்டுவிட்டுப் போனால் எனக்கு என்ன மரியாதை?

இன்னொரு முடிவு: அம்மா திட்டுகிறாள். தெரு கேட்கத் திட்டுகிறாள். அண்ணன் தலையில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்க்கிறான். அவள் தரையில் உட்கார்ந்தபடி முழுவதையும் வாங்கிக்கொள்கிறாள், கோடை மழையில் நிற்பதுபோல. இதைத்தான் எழுத ஆசை. பேனாவைக் காகிதத்தில் வைத்தால் வருவதெல்லாம் பழைய சரக்கு. மகாராணி கை. சீப்பு. மாமியார். பஸ் பாஸ். படிக்கிற பெண்ணுக்கு அளவெடுத்த திட்டுகள், இவளுக்கு இப்போது தோளில் பிடிக்கின்றன. சம்பளம் வாங்குகிற, சொந்தமாக ஓவன் வைத்திருக்கிற, மேலாளரை முகத்துக்கு நேரே முறைக்கிற ஒரு பெண்ணை அவள் அம்மா எப்படித் திட்டுவாள்? ‘அடியே’வுக்கு அடுத்த வார்த்தை என்ன?

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதில்லை.

அதனால் நேற்று என் அம்மாவிடமே போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ம்மா, ஒரு கதை எழுதுறேன். அதுல ஒரு அம்மா. பொண்ணு வேலைக்குப் போறவ. அடுப்புல வெச்சத மறந்து கருக விட்டுட்டா. அம்மா நல்லாத் திட்டணும். ஒரு வரி சொல்லேன்.”

அம்மா ஊசியை நிறுத்தி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். உதடு அசைந்தது. நான் கிட்டே போனேன்.

“நீயே நல்லா எழுதுவ கண்ணு,” என்றாள்.

10.

ஆகவே அந்த வரி காலியாக இருக்கிறது.

உங்களை யாராவது இன்னும் திட்டிக்கொண்டிருப்பார்கள். பால் பொங்கியதற்கு, விளக்கை அணைக்காததற்கு, போன் எடுக்காததற்கு. உங்கள் வயதுக்கு, உங்கள் சம்பளத்துக்கு, நரைத்த உங்கள் முடிக்கு அளவெடுத்த திட்டு ஒன்று உங்கள் காதில் இருக்கும். அதில் ஒரு வரியைக் கொடுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லவேண்டாம். நல்லாருக்கு என்று மட்டும் சொல்லவே வேண்டாம்.

அவள் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். புகைக்கு நடுவே அம்மா வாய் திறந்தபடி நிற்கிறாள். பிடிதுணி மெல்லியது, தட்டு சுடுகிறது, ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

சீக்கிரம் சொல்லுங்கள்.